மேலே ஏற்றிய பின்னல் மிஷின்

கடலூரில் ஸ்வெட்டர் வைத்திருப்பவர்கள் இரண்டே வகை. ஆஸ்துமாக்காரர்கள் ஒரு வகை, டெல்லியில் பிள்ளை இருப்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டிலும் சேராதவன். ஆனாலும் எங்கள் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஒரு மெரூன் ஸ்வெட்டர் இருக்கிறது. இடுப்பிலிருந்து மார்பு வரை மிஷினில் பின்னியது. அதற்கு மேல் கையால் பின்னியது. மிஷின் எந்த வரிசையில் நின்றது, கை எங்கே தொடங்கியது என்பது பழக்கமில்லாத கண்ணுக்கே தெரியும். என் மனைவி அதை வேப்பிலை போட்டு மடித்து வைத்திருக்கிறாள். நான் வீட்டில் இருக்கும்போது வெளியே எடுப்பதில்லை.

நான் வருவாய்த் துறையில் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். கடலூர் மாவட்டத்தில் அந்த உத்தியோகத்தில் பாதி மழைதான். மற்ற ஊர் அதிகாரிகள் ஐப்பசியில் தீபாவளிப் பட்டாசு வாங்கப் போவார்கள். நாங்கள் மணல் மூட்டைக்குச் சணல் கோணி தேடிப் போவோம். மேற்கே எங்கே பெய்தாலும் தண்ணீர் கடைசியில் எங்களிடம் வந்துதான் கடலுக்கு வழி கேட்கும். கெடிலத்தில் எவ்வளவு வந்தால் எந்தத் தெருவில் முழங்கால், கொள்ளிடத்தில் எவ்வளவு திறந்தால் சிதம்பரம் பக்கத்தில் எந்த ஊர் தீவாகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தண்டோரா யார் போடுவது, எந்தக் கல்யாண மண்டபத்தின் சாவி யார் இடுப்பில் இருக்கிறது, மாடுகளை எந்த மேட்டில் கட்டுவது என எல்லாவற்றுக்கும் முறை உண்டு. அந்த முறைகளைப் பிழிந்தால் மிஞ்சுவது ஒரே வார்த்தை: மேலே. அரிசி மூட்டை கட்டிலுக்கு மேலே, கட்டில் பெஞ்சுக்கு மேலே, ரேஷன் கார்டு பரணுக்கு மேலே, மனுஷன் பள்ளிக்கூட மாடிக்கு மேலே. எங்கள் ஊரில் ஆபத்து கீழேயிருந்து வரும். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நான் எங்கேயும் படிக்கவில்லை. ஆனால் அப்படித்தான் நினைத்திருக்கிறேன்.

என் மனைவி சிதம்பரத்துக்காரி. பள்ளிக்கூடம் விட்டதும் கீழ வீதியில் ஒரு டீச்சர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இந்தி படித்து, பரீட்சை மேல் பரீட்சையாகத் தேறியவள். அந்தப் பாடப்புத்தகத்தில் பனிமலைப் படம் ஒன்று இருந்ததாம். கல்யாணமான புதிதில், அந்த மலையை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்றாள். "பார்க்கலாம்" என்றேன். சர்க்கார் பாஷையில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு அப்போது தெரியாது. நான் ஓய்வு பெற்றதும் அந்தக் கோப்பைத் திரும்ப எடுத்து என் முன்னால் வைத்தாள்.

எந்த மாதம் போவது என்பதில்தான் என் திறமை வெளிப்பட்டது. கோடை விடுமுறை என்றால் கூட்டம். புரட்டாசிக்கு மேல்தான் வானம் தெளிந்து மலை நன்றாகத் தெரியும் என்று அவள் விசாரித்து வைத்திருந்தாள். ஆனால் ஐப்பசி நெருங்கும்போது நான் ஊரை விட்டு நகர மாட்டேன். என்னைக் கேட்டுத்தான் புயல் வரும் என்ற நினைப்பு ஓய்வு பெற்றும் போகவில்லை. ஆகவே ஜூலை. ஆனி மாதம். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம் வரும் நேரம். அந்தத் தேரை அவள் எந்த வருஷமும் விட்டதில்லை.

"தேர் அடுத்த வருஷமும் ஓடும்" என்றேன். அவள் காலண்டர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அதைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன்தினம் அவள் தம்பி வந்தான். சிதம்பரத்தில் பிறந்து, காடாம்புலியூரில் பெண் எடுத்து, மாமனாரோடு முந்திரி வியாபாரத்தில் இறங்கிவிட்டவன். வழிச்செலவுக்கு ஒரு டப்பா முந்திரியும், சீசன் கடைசிப் பலாப்பழத்தைச் சுளை எடுத்து ஒரு தூக்கு நிறையவும் கொண்டுவந்திருந்தான்.

"மாமா, டிவில பாத்தீங்களா? அங்க மழை ஜாஸ்தியாம். ரோடெல்லாம் புட்டுக்கிட்டுப் போவுதாம்."

"மழையப் பத்தி என்கிட்ட சொல்றியா?"

"இல்ல மாமா, காதுல வுழுந்துது, சொன்னேன்."

"மேட்டுல தண்ணி நிக்குமாடா? பெஞ்ச வேகத்துல வடிஞ்சிடும். வெள்ளம்னா நம்ம ஊரு வெள்ளம். அங்க இருக்கறது சும்மா ஈரம்."

அவன் அக்காவின் பக்கம் திரும்பினான். "நீ தைரியமா போக்கா. மாமா வராருன்னு தெரிஞ்சா மழையே லீவு போட்டுட்டுப் போயிடும். எதுக்கும் குடைய எடுத்துக்க."

பலாச்சுளை வாசனையை டெல்லி வரைக்கும் ஒரு ரயில்பெட்டி முழுக்கப் பகிர்ந்துகொண்டோம். அங்கிருந்து காத்கோதாம் என்ற அடிவார ஊர் வரை ரயில். அதற்கு மேல் டாக்சி. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. நடந்ததில் ஊரின் தவறு எதுவும் இல்லை.

நாங்கள் தங்கிய விடுதி மலைச்சரிவை வெட்டி எடுத்த ஒரு திட்டில் இருந்தது. முன்னால் பள்ளத்தாக்கு. பக்கத்தில் ஒரு ஓடை. ஓடைக்கரையில், திட்டுக்குக் கொஞ்சம் கீழே, காவல்காரர் குடும்பத்துக்கு ஓர் அறை. விடுதிக்குப் பின்னால் சில கல்படிகள் ஏறினால், மலையோடு முதுகை ஒட்டிக்கொண்டு, தகரக் கூரை போட்ட ஸ்டோர் ரூம். விடுதியில் எங்களைத் தவிர விருந்தாளி இல்லை. அதை என் தேர்வின் வெற்றி என்று மனைவியிடம் சொன்னேன்.

காவல்காரர் மலைக்காரர் அல்ல. பீகாரில் ஆற்றங்கரை ஊர். வெள்ளத்தில் வீடு போய், பிழைப்புக்கு மேலே வந்தவர். சமையலும் அவர்தான், வெந்நீரும் அவர்தான். டெல்லியில் இருந்த முதலாளியின் போனுக்கு எழுந்து நின்று பதில் சொல்பவரும் அவர்தான். முதல்நாள் காலையில் எங்கள் ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே தெரிந்த ஒரே வெள்ளையில் விரல் நீட்டி, இது திரிசூல், இது நந்தா தேவி என்று ஒவ்வொரு சிகரமாகக் காட்டினார். மேகம் ஜன்னல் கம்பிக்கு உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர் விரல் போன பக்கமெல்லாம் நாங்கள் மரியாதையாகத் தலையைத் திருப்பினோம்.

"சிதம்பரத்துல திரைய வெலக்கிக் காட்டுவாங்களே, அது மாதிரி இருக்குது" என்றாள் மனைவி. "அங்கயாச்சும் வில்வ மாலை தொங்கும்."

அன்று சிதம்பரத்தில் தேர். நான் பேப்பரைத் தேடினேன். பாதை அடைத்திருந்ததால் பேப்பரும் வரவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் மலை தெரியவில்லை என்று அவள் ஒருமுறைகூடக் குறைப்படவில்லை. காரணம், ஓடைக்கரை அறையில் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள். காவல்காரரின் மனைவி. பலாச்சுளையை வாயில் போட்டதும் அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டதாம். அவள் அம்மா வீட்டிலும் பலாமரம் உண்டாம். அவள் இவளை மாதாஜி என்றாள். இவள் அவளைத் தமிழில் "கண்ணு" என்றாள். அந்தப் பெண் அதைத் தன் புதுப்பெயர் என்று எடுத்துக்கொண்டு, கூப்பிட்டால் ஓடிவந்தாள்.

அவளிடம் ஒரு பின்னல் மிஷின் இருந்தது. ஆர்மோனியத்தை இழுத்து நீளமாக்கி மேசைமேல் படுக்க வைத்ததுபோல் இருக்கும். வரிசையாக ஊசிகள், மேலே ஒரு கைப்பிடி. அதை வலமும் இடமும் தள்ளத் தள்ள, கம்பளி நூல் துணியாகிக் கீழே இறங்கும். பழைய மிஷின். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன யாரோ விட்டுப்போனதைப் பல வருஷம் வீட்டு வேலை செய்து தனதாக்கிக்கொண்டாளாம். மழைக்காலம் முழுக்கப் பின்னி, ஒரு டிரங்குப் பெட்டி நிறைய ஸ்வெட்டர் சேர்த்துவிட்டால், சீசனில் கடைத்தெருவில் நடைபாதை ஓரமாக ஓர் இடம் தருவதாகக் கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். அந்த இடம் கிடைத்தால் குளிர்காலத்தில் விடுதியை மூடும்போது அவர்கள் ஊருக்குத் திரும்ப வேண்டியதில்லை. திரும்பினால் அங்கே வீடு இல்லை, ஆறுதான் இருக்கிறது.

"அந்த மிஷினு ஒண்ணுதாங்க அதுங்களுக்கு இங்க காலூன" என்று மனைவி இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். தனக்கு ஒரு மெரூன் ஸ்வெட்டர் சொல்லியிருப்பதாகவும் சொன்னாள்.

"கடலூர்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு எங்க போவ?"

"பீரோவுல வச்சிக்கறேன். உங்களுக்கென்ன?"

பிறகு மழை பிடித்தது. அதுவரை பெய்ததற்கு வேறு பெயர் வைத்திருக்க வேண்டும். ஒரு பகல் முழுக்கக் கூரைமேல் யாரோ ஜல்லி கொட்டிக்கொண்டே இருந்ததுபோல் சத்தம். ஓடையின் நிறம் டீயாகி, பிறகு சகதியாகி, காவல்காரர் வீட்டு வாசல் கல்லை நக்க ஆரம்பித்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டி, குடையோடு இறங்கிப் பார்த்தேன். எவ்வளவு ஏறியிருக்கிறது, எவ்வளவு வேகம், மேலே இன்னும் எவ்வளவு இருக்கும். பார்க்கப் பார்க்க உடம்பில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. அதை நான் கவனித்தேன். சந்தோஷம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்றபின் முதல் தடவையாக எனக்கு ஆபீஸ் இருந்தது.

மனைவியைக் கூப்பிட்டேன். "அவுர்கிட்ட சொல்லு. தண்ணி வாசப்படி ஏறப்போவுது. சாமான் மொத்தமும் மேல ஸ்டோர் ரூமுக்குப் போவணும். இப்பவே."

அவள் இந்தியில் சொன்னாள். நான் இந்த வேலையில் இருந்தவன் என்பதையும் சேர்த்துச் சொன்னாள் போலிருக்கிறது. காவல்காரர் என்னைப் பார்த்த பார்வை மாறியது. தன் ஊரிலும் ஆறு வந்தால் முதல் வேலை எல்லாவற்றையும் மேலே ஏற்றுவதுதான் என்றார். இரண்டு சமவெளிக்காரர்கள் மலைமேல் நின்றுகொண்டு ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டோம்.

சாமான் ஏறத் தொடங்கியது. அரிசி, பாத்திரம், படுக்கை, டிரங்குப் பெட்டி. நான் கல்படிக்குக் கீழே நின்று ஒழுங்குபடுத்தினேன். அங்கே கற்றுக்கொண்ட ஒரே இந்தி வார்த்தை அப்போது உதவியது. 'ஊபர்' என்றால் மேலே. "ஊபர், ஊபர்" என்று குடையை நீட்டிக் கத்தினேன். கடைசியாக மிஷின் வந்தது. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்திருந்தார்கள். மிஷினில் பாதியில் இருந்த என் மனைவியின் ஸ்வெட்டரைக் கம்பியில் கோத்துக் கழற்றி, அந்தப் பெண் தோளில் மாட்டியிருந்த பையில் போட்டிருந்தாள். எங்கள் அறை வாசலில் மிஷினை இறக்கி மூச்சு வாங்கினாள். என் மனைவியிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டாள்.

"ஏங்க, மிஷின மட்டும் நம்ம ரூம்ல வச்சிக்கலாமான்னு கேக்குது. படி வழுக்குதாம். அந்த மூலையில ஓரமா இருக்கும்."

"ரூம் என்ன கோடவுனா? மொதலாளி வந்து கேட்டா யாரு பதில் சொல்றது? எல்லாம் ஒரே எடத்துல இருந்தாத்தான் முறை."

"அது ஒண்ணுதாங்க அவுங்களுக்குப் பொழப்பு."

"அதனாலதான் மேல வைக்கச் சொல்றேன்."

அந்தப் பதிலில் முதலாளிக்கு இருந்த பங்கு சிறியது. அவள் காட்டிய மூலையில் நான் கயிறு கட்டி என் வேட்டிகளைக் காயப் போட்டிருந்தேன். அந்த ஈரத்தில் அவை காய்வதாக இல்லை. ஆனாலும் அது வேட்டிகளின் மூலை. மிஷின் எண்ணெய் பட்டால் கறை போகாது என்பதுகூட அந்த நொடியில் எனக்குத் தோன்றியது. மனைவி என்னை ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பெண் இந்தி தெரியாமலேயே என் பதிலைப் புரிந்துகொண்டவள்போல் தலையாட்டிவிட்டு முனையைத் தூக்கினாள். இந்தி தெரியாதவன் நான்தான், அவள் அல்ல. தமிழ் தெரியாமலேயே என்று எழுத வேண்டும். அந்த இடத்தை நினைக்கும்போது எனக்கு இன்னும் இப்படித்தான் தடுமாறுகிறது.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. தண்ணீர் வாசல் கல்லோடு நின்று, இறங்கியும் போயிருந்தது. அறைக்குள் ஒரு சொட்டுப் போகவில்லை. அந்தப் பெண் மிஷினைக் கீழே கொண்டுவந்துவிடலாமா என்று கேட்டு அனுப்பினாள். வெளிச்சம் இருக்கும்போதே உட்கார்ந்து பின்னலாம், ஒரு பகல் போய்விட்டது என்றாள்.

"அவசரப்படக் கூடாது. எச்சரிக்கை வாபஸ் ஆகலியே" என்றேன்.

"யாரு வாபஸ் வாங்கணும்?" என்று கேட்டாள் மனைவி.

எச்சரிக்கை கொடுத்தவன்தான் வாங்க வேண்டும். கொடுத்தவன் சாயங்காலம் பார்க்கலாம் என்றான்.

சாயங்காலம் வருவதற்குள், டீ நேரத்தில், டிப்பர் லாரி கல் கொட்டுவதுபோல் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. வெயில் லேசாக அடித்துக்கொண்டிருந்தது. நான் வராந்தாவில் நாற்காலியில் இருந்தேன். காவல்காரரின் மனைவி எனக்கு டீ கொண்டுவந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது ஒரு மரம் நின்ற நிலையிலேயே கீழே வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் மலை வந்தது. ஸ்டோர் ரூமின் தகரம் ஒருமுறை மேலே எழும்பி, பிறகு காணாமல் போனது. விடுதியின் பின்சுவருக்குச் சற்று முன்னால் மண் நின்றுவிட்டது. தூசுகூடக் கிளம்பவில்லை, அவ்வளவு ஈரம்.

அவள் டீத் தட்டைக் கைப்பிடிச் சுவர்மேல் பதமாக வைத்தாள். அதற்குப் பிறகுதான் ஓடினாள்.

யாருக்கும் அடி இல்லை. மண் இன்னும் வரலாம் என்று ஊர்க்காரர்கள் வந்து எங்களை வெளியேற்றினார்கள். போகும் வழியில் காவல்காரர் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவு திறந்திருந்தது. காலியான தரை காய்ந்து கிடந்தது. மிஷின் மேசையின் கால்கள் நின்ற இடத்தில் நான்கு தடங்கள் இருந்தன. அறையில் ஒரு சுண்ணாம்புப் பொருக்குக்கூட உதிரவில்லை.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எங்களைச் சேர்த்தார்கள். வகுப்பறை, ஜமுக்காளம், வாளியில் கிச்சடி. எல்லாம் எனக்குத் தெரிந்த ஏற்பாடு. வாளிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்ததுதான் புதிது. என்னைப்போல் ஒருவர், வயதில் என் மகள்போல இருந்த ஒரு பெண் அதிகாரி, பெயர்களைக் குறித்துக்கொண்டு வந்தார். நானும் இந்தத் துறைதான், தமிழ்நாட்டில் தாசில்தாராக இருந்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "சார், ப்ளீஸ் உட்காருங்கள்" என்றார். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். முகாமில் நடுவே எழுந்து நின்று தன் பெருமையைச் சொல்பவர்களுக்கு என்று நாங்கள் வைத்திருக்கும் குரல் அது. காவல்காரர் எங்கிருந்தோ ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து எனக்குப் போட்டார். அறை முழுக்கத் தரையில் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து கிச்சடி சாப்பிட்டேன். மறுத்திருக்கலாம். முழங்கால் வலித்தது.

பாதை திறக்கும்வரை அங்கே இருந்தோம். அந்தப் பெண் சுவரோரம் உட்கார்ந்து, தோள்பையில் தப்பித்த ஸ்வெட்டரை வெளியே எடுத்து, யாரிடமோ ஊசி வாங்கிக் கையால் பின்னத் தொடங்கினாள். என் மனைவி நூலைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்து வெளியே போனேன்.

ஒருநாள் காலை வெளியே சத்தம் கேட்டு எல்லோரும் பள்ளிக்கூட முற்றத்துக்கு ஓடினார்கள். மேகம் முழுக்க விலகியிருந்தது. எதிரே, நாங்கள் இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருந்த வெற்றிடத்தில், நம்ப முடியாத உயரத்தில், பனிமலை நின்றது. நான் தேடியிருந்தால் இன்னும் தாழ்வாகத் தேடியிருப்பேன். என் மனைவி இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். தேருக்குக் கும்பிடுவதுபோல். காவல்காரர் மறுபடியும் விரல் நீட்டிப் பெயர்களைச் சொன்னார். முன்பு மேகத்தில் காட்டிய இடங்களிலேயே எல்லாம் சரியாக இருந்தன. அவர் மனைவி மட்டும் அந்தப் பக்கம் பார்க்காமல் விடுதிக்குப் பின்னால் இருந்த சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்ணைக் கிளற ஆட்கள் போயிருந்தார்கள்.

மத்தியானம் மிஷினைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார்கள். நீளமாக இருந்தது வில்போல் வளைந்திருந்தது. ஊசிகள் ஒரு பக்கமாகப் படுத்திருந்தன. டிரங்குப் பெட்டி தட்டையாகி, அதற்குள் இருந்தவை மண்ணோடு மண்ணாக இருந்தன. அவள் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தாள். நகரவில்லை. இன்னொரு பக்கம் தள்ளிப் பார்த்தாள்.

நாங்கள் வேறு மிஷின் வாங்கி அனுப்புகிறோம் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். மனைவி அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. டாக்சியில் பாதி மலை இறங்கிய பிறகு நானே கேட்டேன்.

"என்னா சொல்லிச்சி அது?"

"வேணாம்னுச்சி. சாரு நல்லதுக்குத்தான் சொன்னாரு, மலைக்கு அது தெரியுமான்னு கேட்டுச்சி."

திட்டியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். மனுக்களுக்குப் பதில் எழுதித்தான் நான் சம்பளம் வாங்கினேன்.

ஊருக்கு வந்ததும் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். அந்த மாவட்ட அலுவலகத்துக்கு நிவாரணம் கேட்டு எழுதி, போன் மேல் போன் போட்டு, கடைசியில் அதே பெண் அதிகாரியைப் பிடித்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். குடியிருந்த அறையில் இருந்த சாமான் சேதமானால் ஏதாவது செய்யலாம். அந்த அறைக்குச் சேதம் இல்லை. ஸ்டோர் ரூம் முதலாளியுடையது. அங்கே வேலைக்காரர் சாமான் வைக்க அனுமதி கொடுக்கவில்லை என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்ன ஒவ்வொரு வரியும் சரி. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன், இன்னும் கொஞ்சம் நல்ல ஆங்கிலத்தில். கீழேயே விட்டிருந்தால் மிஷின் பிழைத்திருக்கும். பிழைக்காவிட்டால் நிவாரணமாவது வந்திருக்கும். இரண்டுக்கும் வழியில்லாத ஒரே இடத்தைத் தேடிப் பிடித்து, குடையை நீட்டி அங்கே ஏற்றியிருக்கிறேன்.

மச்சானிடம் மனைவி முழுக்கச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. வந்தவன் வழக்கம்போல் கேலி செய்வான் என்று காத்திருந்தேன். "டீ சாப்புடுறீங்களா மாமா?" என்று என் வீட்டிலேயே என்னைக் கேட்டான்.

கார்த்திகையில் எங்கள் மழை வந்தது. கெடிலம் நிறைந்து, தெருவில் தண்ணீர் வந்துவிட்டது. ஃபிரிட்ஜைச் செங்கல்மேல் ஏற்றினோம். கிரைண்டர் கட்டில்மேல், பீரோவின் அடித்தட்டுத் துணிகள் பரண்மேல். ஸ்வெட்டரை மட்டும் மனைவி ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொண்டாள். டிவியில் கடலூரைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். அப்போது போன் வந்தது. மனைவி எடுத்து இந்தியில் பேசினாள். முகம் மலர்ந்து, பிறகு சுருங்கியது.

"அவுருதாங்க. டிவில நம்ம ஊரக் காட்டுறாங்களாம். பயந்துபோயிக் கூப்புடுறாரு."

"மிஷினு பத்திக் கேளு. இப்ப வாங்கி அனுப்பறோம்னு சொல்லு. வேணாம்னு சொன்னாலும் அனுப்புவோம்னு சொல்லு."

கேட்டாள். நெடுநேரம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "விடுதிய மூடிட்டாங்களாம். கடைத்தெருவுல ஒரு கடைக்குப் பின்னாடி சந்துல படுத்துக்கறாங்களாம். அந்தப் பொண்ணு கடை மிஷின்ல கூலிக்குப் பின்னுதாம். அனுப்ப வேணாம்ங்கறாரு." போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள். "வைக்க ஒரு மூலைகூட இல்லியாம்."

மூலை என்ற சொல்லை அவர் சொன்னாரா, இவள் சேர்த்தாளா என்று நான் கேட்கவில்லை.

"இன்னும் என்னமோ கேக்குறாரு. உங்களத்தான்" என்று போனை என்னிடம் நீட்டினாள்.

"எனக்கு என்னா புரியும்? நீயே சொல்லு."

"சாமானெல்லாம் மேல ஏத்திட்டாரா சாருன்னு கேக்குறாரு. பதில் சொல்லுங்க."

போனை வாங்கினேன். அந்தப் பக்கத்தில் கடைத்தெருச் சத்தம் கேட்டது. அதற்கு நடுவே அவர் மூச்சும் கேட்டது. உண்மையாகவே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் பாஷையில் எனக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை.

"ஊபர்" என்றேன். கடைத்தெருச் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன். "ஊபர்."

"அச்சா கியா, சாப்" என்றார் அவர். நல்லதாகச் செய்தீர்கள் என்றாராம். மனைவி அதை மொழிபெயர்த்துவிட்டு, மஞ்சள் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, தண்ணீர் எத்தனையாவது படியில் இருக்கிறது என்று பார்க்கப் போனாள்.